கமக்காரராயிருந்து போர்வீரரான ஹியூகோ திறொசல்

வீரர் வரலாறுகளைக் கற்பது நம் மாணவர்க்குப் புதிதன்று. களத்திலே பட்டு வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டி, அதனைத் தெய்வமெனப் போற்றிய மரபு நம்முடையது. அந்த மரபிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. பதினெட்டு நாட் போரின் முடிவிலே வெற்றியும் அரசும் கைவந்த தருமபுத்திரர், இறந்துபட்ட சுற்றத்தாரை எண்ணி நெஞ்சம் வெந்து, இவ்வெற்றியும் வேண்டேன், இவ்வரசும் வேண்டேன் என்று கலங்கிய வரலாற்றை நம் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வில்லை எடுப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். வென்றவர்கள் கூடியிருக்கும் மண்டபத்திலே எழுந்து, தான் கண்டதைக் கண்டபடி சொல்வதற்கு வேறொரு துணிவு வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடத்தே பொருந்துதல் அருமை. அவ்வாறு பொருந்தப்பெற்றவர் அவுஸ்திரேலிய நாட்டினராகிய ஹியூகோ திறொசல் என்பவர். அவருடைய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய பேர்த்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 60 மைல் தொலைவில், ஏவன் ஆற்றங்கரையிலே நோதம் என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. அங்கே 1884ஆம் ஆண்டு ஐப்பசித் திங்கள், ஒக்ரோபர் 26ஆம் நாள், ஹியூகோ பிறந்தார். தந்தையார் பெயர் ஜோர்ஜ் திறொசல். அவர் அயர்லாந்திலே பிறந்து, இளம் பருவத்திலே பெற்றோருடன் கடல் கடந்து வந்து, நோதத்திலே வணிகம் நடத்திப் பெரும் பொருளும் நன்மதிப்பும் ஈட்டியவர். மேற்கு அவுஸ்திரேலியச் சட்டசபையிலே அவ்வூரின் பிரதிநிதியாகப் பல்லாண்டு வீற்றிருந்து, காணி மந்திரியாகவும் கடமையாற்றி, 1901ஆம் ஆண்டிலே சில மாதங்கள் அந்நாட்டின் முதலமைச்சராகவும் விளங்கினார். நோதத்தின் சிங்கம் என்று மக்கள் அவரை அழைத்தனர் என்றால், அவ்வூரிலே அவர்க்கிருந்த செல்வாக்கை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

இத்தகைய குடும்பத்தின் கடைசி மைந்தராகப் பிறந்த ஹியூகோ, கல்வி கற்பதற்காகத் தென் அவுஸ்திரேலியாவிலுள்ள அடலெயிட் நகருக்கு அனுப்பப்பெற்றார். அங்கே பிரின்ஸ் அல்பிரட் கல்லூரியிலே பயின்ற காலத்தில், உதைபந்தாட்டக் குழுவின் தலைவராகவும், ஓட்டப் பந்தயங்களில் முதல்வராகவும், குத்துச்சண்டையிலே வல்லவராகவும் பெயரெடுத்தார். உயர்ந்த தோற்றமும் நகைச்சுவையும் எவருடனும் எளிதிற் பழகும் இயல்பும் உடையவர். கல்லூரி விளையாட்டு மைதானத்திலே தம் குழுவைத் தூக்கி நிறுத்தப் பழகிய அந்தப் பழக்கமே, பின்னாளிலே வேறொரு களத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

கமத்தொழில்

கல்லூரியை விட்டபின் அவர் தந்தையாரின் செல்வாக்கைக் கொண்டு உத்தியோகம் தேடவில்லை. நாட்டின் வடபகுதியிலுள்ள மாட்டுப் பண்ணைகளுக்குச் சென்று, குதிரையேற்றமும் மந்தை மேய்ப்பும் பயின்று, வெயிலிலும் புழுதியிலும் சில ஆண்டுகள் உழைத்தார். அதன்பின், தம் தமையனார் ரிக் என்பவருடன் சேர்ந்து, பேர்த்துக்கு வடகிழக்கே கோதுமை நாட்டின் எல்லைப்புறமாகிய கௌகௌவிங் என்னும் இடத்திலே காணி எடுத்துக் கமஞ் செய்யத் தொடங்கினார்.

அப்பகுதி உப்பேரிகள் நிறைந்தது. காட்டை வெட்டி, எரித்து, கட்டை பிடுங்கி, உழுது விதைத்தாலும், மழை பெய்தாலன்றிப் பயன் இல்லை. சகோதரர் இருவரும் சென்ற காலமோ மழை பொய்த்த காலம். ஆண்டுக்காண்டு விதைத்தது முளைத்தும் முளையாமலும் கருகிப்போயிற்று. 1914ஆம் ஆண்டிலே அந்நாட்டின் கோதுமைப் பகுதி முழுவதும் கொடிய வறட்சிக்கு உட்பட்டது. வானம் பார்த்த பூமியிலே வாழ்வோர் படும் பாட்டை வன்னிக் கமக்காரரைக் கண்ட நமக்கு விரித்துக் கூற வேண்டியதில்லை. கடன் வளர்ந்தது, களஞ்சியம் வெறுமையாயிற்று. அந்த வேளையிலே ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது.

சேனையிற் சேர்தல்

அக்காலத்திலே அவுஸ்திரேலியாவின் சனத்தொகை ஐம்பது இலட்சத்துக்கும் குறைவு. ஆயினும் அந்த யுத்தம் முடிவதற்குள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேனையிற் சேர்ந்தனர். கட்டாய இராணுவ சேவையைக் கொண்டுவர வேண்டுமா என்று 1916ஆம் ஆண்டிலும் 1917ஆம் ஆண்டிலும் பொதுமக்களிடம் இருமுறை வாக்குக் கேட்கப்பட்டது. இருமுறையும் மக்கள் மறுத்துவிட்டனர். ஆதலின் கடல் கடந்து சென்ற அச்சேனை முழுவதும் தாமே விரும்பிச் சேர்ந்தோரால் ஆயது.

1914ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே மேற்கு அவுஸ்திரேலியாவிற் பத்தாவது இலகு குதிரைப்படை அமைக்கப்பட்டது. கமக்காரரும் மந்தை வளர்ப்போரும் அவர்தம் புதல்வரும் அதிலே திரண்டு சேர்ந்தனர். ரிக்கும் ஹியூகோவும் கலப்பையை நிறுத்திவிட்டு அப்படையிலே புகுந்தனர். முப்பது வயதை எட்டியிருந்த ஹியூகோ இரண்டாம் லெப்டினன்ற் பதவி பெற்றார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே படை கப்பலேறி எகிப்து சென்றது.

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், துருக்கி நாட்டைச் சேர்ந்த கலிப்பொலித் தீபகற்பத்திலே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துச் சேனைகள் கரையிறங்கின. தார்தனெல்சு நீரிணையைத் திறந்து கொன்ஸ்தாந்திநோப்பிளைக் கைப்பற்றுதல் பிரித்தானியர் கருத்து. நினைத்தது நிறைவேறவில்லை. செங்குத்தான குன்றுகளின் அடிவாரத்திலே ஒரு சிறு நிலப்பரப்பைப் பற்றிக்கொண்டு, மேலேயிருந்து துருக்கியர் சுடச் சுடச் சேனை நின்றது. அன்சாக் எனப் பெயர்பெற்ற அக்கரையிலே நம் நாட்டிலிருந்து சென்ற இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினரும் சேவை செய்தனர் என்பதை இங்கே நினைவுகூரலாம். குதிரைகள் ஏறமுடியாத மலைப்பாங்கான நிலமாதலால், இலகு குதிரைப்படையினர் தம் குதிரைகளை எகிப்திலே விட்டுவிட்டுக் காலாட்களாகவே அங்கு அனுப்பப்பட்டனர். குதிரைமீது போர்புரியப் பழகிய கமக்காரர், மண்வெட்டியும் துப்பாக்கியும் ஏந்திப் பதுங்குகுழிகளிலே காலாட்படையினராய் வாழ்ந்தனர்.

நெக் என்னும் கொலைக்களம்

படையின் பெரும்பகுதி மே மாதத்திலே கலிப்பொலி சென்றபோது, ஹியூகோ எகிப்திலே தங்க நேர்ந்தது. அவர் அங்கு போய்ச் சேர்ந்தது ஓகஸ்ட் 4ஆம் நாள். மூன்று நாட் கழித்து, ஓகஸ்ட் 7ஆம் நாள் விடியற்காலையிலே, நெக் என்னும் இடத்திலே நடந்த தாக்குதலில் அவர் பங்குகொண்டார்.

நெக் என்பது இருபுறமும் சரிந்த பள்ளத்தையுடைய ஒடுங்கிய மலைமுதுகு. அதன் ஒரு முனையிலே அவுஸ்திரேலியர் அகழியும், சில பத்து யார் தூரத்திலே, மறுமுனையில், துருக்கியர் அகழிகளும் இருந்தன. எட்டாம், பத்தாம் இலகு குதிரைப்படையினர் ஒவ்வொரு வரிசையிலும் 150 பேராக நான்கு வரிசைகளாய்ப் பாய்ந்து செல்ல வேண்டும் என்பது கட்டளை. பாய்ச்சல் தொடங்குமுன் பகைவர் தலைதூக்காதவாறு பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பீரங்கிகள் குறித்த நேரத்துக்கு ஏழு நிமிடங்கள் முன்னரே ஓய்ந்துவிட்டன. அந்த இடைவேளையிலே துருக்கியர் தம் அகழிகளிலே நிறைந்து, இயந்திரத் துப்பாக்கிகளைச் சீர்செய்துகொண்டு காத்திருந்தனர்.

முதல் வரிசை எழுந்தது, சில கணங்களிலே வீழ்ந்தது. அதைத் தம் கண்ணாற் கண்டும் இரண்டாம் வரிசை எழுந்தது. அதுவும் அவ்வாறே ஆயிற்று. பத்தாம் படையின் தளகர்த்தராகிய பிறேசியர், இனிப் பாய்தல் வீண் உயிர்ச்சேதமே என்று மேலிடத்துக்கு முறையிட்டார். முன்னேறுக என்பதே விடையாகக் கிடைத்தது. மூன்றாம் வரிசையும் மாண்டது. நான்காம் வரிசையிலே திறொசல் நின்றார். அவரும் அவருடன் சென்றோரும் நிலத்திலிருந்த ஒரு சிறு பள்ளத்திலே படுத்துத் தலைக்கு மேலாகக் குண்டுகள் பறக்கக் கிடந்து, மீளும்படி கட்டளை பிறந்தபின் மீண்டனர். அறுநூறு பேர் வரையிற் பங்குகொண்ட அத்தாக்குதலிலே 230க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களிலே ஏறத்தாழ 80 பேர் பத்தாம் படையினர். கௌகௌவிங்கிலும் நோதத்திலும் அவருடன் கூடி உழுதவர், சந்தையிலே கண்டு பேசியவர், ஒரே பந்தயத்திற் குதிரை ஓட்டியவர் எனப் பலர் அந்த ஒரு காலைப் பொழுதிலே மறைந்தனர். அவர்களுடைய உடல்களை எடுத்து அடக்கம் செய்வதற்குங்கூட வழியிருக்கவில்லை. யுத்தம் முடிந்து 1919இலே அவ்விடம் சென்றவர்கள் எலும்புகளையே கண்டனர்.

அறுபதாம் குன்று

அன்சாக் கரைக்கும் அதன் வடக்கேயுள்ள சூவ்லாக் கரைக்கும் இடையிலே ஒரு சிறு மேடு இருந்தது. தேசப்படத்திலே அது அறுபதாம் குன்று எனக் குறிக்கப்பட்டது. இரு சேனைகளையும் இணைப்பதற்கு அக்குன்று வேண்டியதாயிருந்தமையால், ஓகஸ்ட் மாதப் பிற்பகுதியிலே அதன்பொருட்டுப் பல தாக்குதல்கள் நிகழ்ந்தன. ஓகஸ்ட் 29ஆம் நாள் இரவு பத்தாம் இலகு குதிரைப்படையின் முறை வந்தது. நெக்கிலே குறைந்து, நோயினால் மேலும் மெலிந்து எஞ்சியிருந்த ஒரு சிலரே அதற்குக் கிடைத்தனர்.

நள்ளிரவுக்குப்பின் இருளிலே ஓசையின்றி முன்னேறித் துருக்கியரின் அகழி ஒன்றிலே பாய்ந்து அதன் ஒரு பகுதியைக் கைப்பற்றினர். அகழியோ நீண்டது. அதன் தொடர்ச்சி பகைவர் கையில் இருந்தது. ஆகவே குறுக்கே மண்மூட்டைகளை அடுக்கித் தடுப்பொன்று கட்டி, அதன் பின்னாலே திறொசலும் அவருடைய வீரர் சிலரும் காவல் நின்றனர். தடுப்பின் அப்பால் சில யார் தூரத்திலே துருக்கியர்.

அதன்பின் விடியும்வரை நடந்தது கைக்குண்டுப் போர். துருக்கியர் எறிந்தவை கிரிக்கெட் பந்தைப் போன்ற இரும்புக் குண்டுகள். அவுஸ்திரேலியர் கையிலிருந்தவற்றுட் பல, வெறுந் தகரப் பேணிகளிலே வெடிமருந்தும் இரும்புத் துண்டும் அடைத்துத் திரிவைத்துக் கட்டியவை. திரி எரிந்து முடிவதற்குச் சில வினாடிகள் செல்லும். அந்த வினாடிகளுக்குள்ளே, அகழியில் வந்து விழுந்த குண்டைக் கையால் எடுத்து, வந்த திசைக்கே திருப்பி எறிவதை அவர்கள் வழக்கமாகக் கொண்டனர். கல்லூரி மைதானத்திலே பந்து பிடிக்கப் பழகிய கைகள் அன்று தீக்கொழுந்தோடு விளையாடின. சற்றுத் தாமதித்தாலும் கை போகும் அல்லது உயிர் போகும். கோப்ரல் பெரியர் என்பவர் அவ்வாறு பல குண்டுகளைத் திருப்பி எறிந்தபின், ஒன்று வெடித்ததிலே கை சிதைவுற்று, பின்னர் உயிர்நீத்தார். அந்த இரவிலே அச்சிறு இடத்திலே இருதிறத்தாரும் எறிந்த குண்டுகள் 3,000க்கு மேல் எனக் கணக்கிட்டுள்ளனர்.

துருக்கியர் மீண்டும் மீண்டும் திரண்டு வந்து தடுப்பின்மேற் பாய்ந்தனர். திறொசல் கழுத்திலும் தோளிலும் காயம்பட்டார். முகமெல்லாம் இரத்தம் வழிந்தது. சட்டை கிழிந்து உடலோடு ஒட்டிக்கொண்டது. அந்நிலையிலும் அவர் தடுப்பை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு பாய்ச்சலின்போதும் தம் வீரரை உரத்த குரலிலே ஊக்கி, தாமே முன்னின்று சுட்டார், குண்டெறிந்தார். அபாயம் நீங்கியது என்று கண்டபின்னரே காயங்களுக்குக் கட்டுப்போட்டுக்கொள்ள இசைந்தார். கட்டுப்போட்டவுடன் மீண்டும் தம் இடத்துக்கே திரும்பினார். வைத்தியர் கட்டளையிட்டு வெளியேற்றிய பின்புதான் களத்தை விட்டார்.

இவ்வீரச் செயலுக்காகப் பிரித்தானியப் பேரரசின் மிக உயர்ந்த வீரப்பதக்கமாகிய விக்டோரியாச் சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது. 1915ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே அச்செய்தி வெளிவந்தது. இங்கிலாந்திலே மருத்துவமனையிற் கிடந்து தேறியபின், அரசர் ஐந்தாம் ஜோர்ஜின் கையால் அதனைப் பெற்றுக்கொண்டார். அந்த மகாயுத்தத்திலே அவுஸ்திரேலிய இலகு குதிரைப்படையினருள் விக்டோரியாச் சிலுவை பெற்றவர் இவர் ஒருவரே. ஆனால் அறுபதாம் குன்றின் உச்சியோ இறுதிவரை துருக்கியர் வசமே இருந்தது. நான்கு மாதங்கள் கழியுமுன் அன்சாக் கரையிலிருந்த சேனை முழுவதும் கலிப்பொலியை விட்டு நீங்கிற்று. 8,000க்கும் மேற்பட்ட அவுஸ்திரேலியர் அங்கே தங்கிவிட்டனர்.

தமையனைத் தேடிய இரவு

காயங்களோடு கொடிய நோயொன்றும் சேர்ந்துகொள்ள, திறொசல் ஓய்வுக்காகத் தாயகம் அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பு பெரிது. பதக்கம் பெற்றவர் என்ற காரணத்தைக் காட்டி அவர் ஊரிலேயே தங்கியிருக்கலாம், எவரும் குறைகூறியிரார். ஆயினும் கப்டன் பதவி உயர்வு பெற்று, எகிப்திலிருந்த தம் படையை மீண்டும் சென்றடைந்தார்.

1917ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, பாலஸ்தீனத்தின் வாயிலாகிய காசாவின்மீது பிரித்தானியச் சேனை இரண்டாம் முறை தாக்குதல் நடத்தியது. அதுவும் தோல்வியில் முடிந்தது. அந்தப் போரிலே ஹியூகோ மறுபடியும் காயமுற்றார். ரிக் களத்திலே காணாமற் போனார்.

இரவு வந்தது. இரு சேனைகளுக்கும் இடையிலே இறந்தவரும் இறந்துகொண்டிருப்பவரும் பரவிக் கிடந்தனர். துருக்கியரின் துப்பாக்கிகள் ஓயவில்லை. ஹியூகோ தம் காயத்தையும் பொருட்படுத்தாது அவ்வெளியிலே ஊர்ந்து சென்றார். சிறுவராயிருந்த காலத்திலே சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் அழைப்பதற்கு ஒரு சீழ்க்கையை வழக்கமாகக் கொண்டிருந்தனர். அந்தச் சீழ்க்கையை அடித்துக்கொண்டு, ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலாக, இருளிலே முகம் தடவித் தேடினார். மறுமொழியாக அந்தச் சீழ்க்கை வரவேயில்லை. கௌகௌவிங் காணியிலே ஒரே ஏரைப் பிடித்தவர், ஒரே கடனைச் சுமந்தவர், ஒரே நாளிலே ஊரை விட்டவர் காசாவின் மணலிலே மறைந்துவிட்டார். விக்டோரியாச் சிலுவை பெற்ற இரவிலும் பார்க்க இந்த இரவே திறொசலின் உள்ளத்தை உருவாக்கியது என்று கூறுதல் பொருந்தும்.

காயம் ஆறியபின் மறுபடியும் படைக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரிலே எருசலேம் நகரம் பிரித்தானியர் வசமானபோது, பத்தாம் இலகு குதிரைப்படையின் மரியாதை அணிவகுப்புக்கு அவரே தலைமை தாங்கினார். பல நூற்றாண்டுகளாகப் பல சமயத்தார் புனிதமெனப் போற்றிய அந்நகரின் வாயிலிலே அவர் நின்றபோது, அருகே நின்றிருக்க வேண்டிய தமையனார் இல்லை.

நோதத்திலே ஆற்றிய உரை

யுத்தம் முடிந்தது. இங்கிலாந்திலே சிகிச்சை பெற்ற காலத்திலே கத்தரின் சூசன்னா பிரிச்சாட் என்னும் எழுத்தாளரோடு அவருக்கு நட்பு ஏற்பட்டிருந்தது. அவர் பிஜித் தீவிலே பிறந்து, அவுஸ்திரேலியாவிலே வளர்ந்து, இலண்டனிலே பத்திரிகைத் தொழில் செய்து, நாவலாசிரியராகவும் புகழ்பெற்றவர். தொழிலாளர் நலத்திலே ஆழ்ந்த பற்றுடையவர். 1919ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மெல்பேணிலே இருவரும் மணஞ்செய்துகொண்டு, பேர்த் நகருக்கு அருகே குன்றுகளின் மேலுள்ள கிறீன்மவுண்டிலே குடிபுகுந்தனர்.

அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் பேரரசெங்கும் சமாதான விழா கொண்டாடப்பட்டது. நோதம் நகரமும் விழாக்கோலம் பூண்டது. ஊரின் சிங்கம் என்று போற்றப்பட்டவரின் மைந்தர், விக்டோரியாச் சிலுவையை மார்பிலே தரித்த தம்மூர் வீரர் பேச எழுந்தபோது, மக்கள் எதிர்பார்த்தது இன்னதென்று கூறவேண்டியதில்லை. வெற்றியின் பெருமையையும் பேரரசின் மகிமையையும் அவர் புகழ்ந்துரைப்பார் என்று அவர்கள் காத்திருந்தனர்.

அவர் அப்படிப் பேசவில்லை. போர்க்களத்திலே தாம் கண்ட துன்பங்கள் போரையே தாம் வெறுக்கும்படி செய்துவிட்டன என்றும், அத்துன்பங்களே தம்மைச் சமதர்மவாதியாக்கின என்றும் வெளிப்படையாகக் கூறினார். கூட்டம் திகைத்து வாயடைத்து நின்றது. தந்தையார் முதலமைச்சராயிருந்தவர், பழைமை பேணும் கட்சியினர். அவருக்கு வாக்களித்த ஊரிலே, அவர்தம் நண்பர் பலர் கூடியிருந்த சபையிலே, அவருடைய பிள்ளை இவ்வாறு பேசியதைப் பலர் குலத்துக்கே இழுக்கெனக் கொண்டனர். இதனை வேறொருவர் கூறியிருப்பின் கோழை என்று ஒரு சொல்லிலே தள்ளிவிட்டிருப்பர். நெக்கையும் அறுபதாம் குன்றையும் கண்டு மீண்டவரை அவ்வாறு தள்ள இயலாமையே அவர்களுடைய சினத்தை மிகுவித்தது போலும்.

அறுபதாம் குன்றிலே அவருடன் தோளொட்டி நின்றவர் பலர் இருந்தனர். நோதத்து மேடையிலே அவர் தனியராக நின்றார். இவ்விரண்டினுள் எது அரிது என்பதை மாணவர் தாமே சீர்தூக்கிப் பார்ப்பாராக.

இறுதிக் காலம்

அதன்பின் அவர் வாழ்ந்தது பதினான்கு ஆண்டுகள். 1920ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியப் பொதுவுடைமைக் கட்சி தோன்றியபோது, அதனை நிறுவியவர்களுள் ஒருவராகத் துணைவியார் கத்தரின் விளங்கினார். அவர் எழுதிய நாவல்கள் அந்நாட்டு இலக்கியத்திலே நிலையான இடம்பெற்றன. 1922இலே ஒரு மகன் பிறந்தான். காசாவிலே மறைந்த தமையனாரின் பெயரையே, ரிக் என்று, அக்குழந்தைக்கு இட்டனர்.

திறொசல் போரிலிருந்து மீண்ட வீரர்க்குக் காணி வழங்கும் சபையிலே வீரரின் பிரதிநிதியாக இருந்து உழைத்தார். தாமும் மழையற்ற நிலத்திலே உழுது தோற்றவராதலின், காணி கேட்டு வந்த வீரரின் நிலை அவருக்கு நன்கு தெரியும். காணி விற்பனைத் தொழிலும் செய்து பார்த்தார். ஆயினும் அவருடைய கொள்கையை வெறுத்தோர் பலர் அவருக்கு முகங்கொடுக்கவில்லை. கணக்கிலே கெட்டிக்காரரும் அல்லர். கேட்டவர்க்கு இல்லை என்னாத கை. 1929ஆம் ஆண்டுக்குப்பின் உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தம் அவரையும் அழுத்தியது. பொன் தேடிப் பாலைநிலத்துக்குச் சென்றார், பொன் கிட்டவில்லை. கிறீன்மவுண்டிலே குதிரைச் சாகசக் காட்சி ஒன்று நடத்திப் பணம் திரட்ட முயன்றார், அதுவும் நட்டத்திலே முடிந்தது. கடன் மேலும் ஏறியது.

துணைவியார் வெளிநாடு சென்றிருந்த வேளையில், 1933ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், தம் நாற்பத்தொன்பதாவது வயதிலே, ஹியூகோ திறொசல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாம் இறந்தால் யுத்த சேவைக்குரிய உபகாரச் சம்பளமேனும் மனைவிக்கும் மகனுக்கும் கிடைக்கும் என்று அவர் எண்ணியதாக அறிகின்றோம். அவ்வெண்ணத்தை நாம் போற்ற வேண்டியதில்லை. அவருடைய மனைவியும் பதினொரு வயது மகனும் விரும்பியிருக்கக் கூடியது அவருடைய உயிரேயன்றி வேறன்று. அவருக்கு அவ்வேளையிலே ஒரு தோழரின் கை கிடைத்திருப்பின் இவ்வாறு முடிந்திராது. ஊர் கூடி மாலையிட்ட ஒருவர், ஊருக்கு இனிப்பில்லாத உண்மையொன்றைச் சொன்னபின் தனித்துவிடப்பட்டார் என்பதே இங்கு நாம் கருத வேண்டியது. பேர்த் நகரிலுள்ள கரகட்டா மயானத்திலே முழு இராணுவ மரியாதையோடு அவர் அடக்கம் செய்யப்பட்டார். உயிரோடிருந்தபோது தயங்கிய கைகள் அன்று வணக்கம் செலுத்தின.

பதக்கத்தின் கதை

1954ஆம் ஆண்டிலே, கிறீன்மவுண்டில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு எதிரே அவருக்கு நினைவுச் சின்னம் ஒன்று அமைக்கப்பட்டது. கத்தரின் அதே வீட்டிலே எழுதிக்கொண்டே வாழ்ந்து, 1969ஆம் ஆண்டிலே காலமானார். அவ்வீடு பிற்காலத்திலே எழுத்தாளர் கூடும் நிலையமாயிற்று.

மைந்தர் ரிக் வளர்ந்து, அவுஸ்திரேலிய அரசின் வெளிநாட்டுச் சேவையிலே கடமையாற்றினார். தந்தையாரின் விக்டோரியாச் சிலுவை அவர் கையில் இருந்தது. 1983ஆம் ஆண்டிலே, அணுவாயுத ஒழிப்புக்காக உழைத்த ஓர் இயக்கத்துக்கு அப்பதக்கத்தை அவர் நன்கொடையாக வழங்கினார். போரிலே பெற்ற பதக்கம் சமாதானத்துக்குப் பயன்படுவதையே தந்தையார் விரும்பியிருப்பார் என்பது அவர் துணிபு. போரிலிருந்து மீண்ட வீரரின் சங்கத்தினர் அப்பதக்கத்தை விலைகொடுத்து வாங்கி, தலைநகராகிய கான்பராவிலுள்ள யுத்த நினைவாலயத்துக்கு அளித்தனர். இவ்வாறு பணம் சமாதான இயக்கத்துக்கும் பதக்கம் நினைவாலயத்துக்கும் சென்றன. போர்வீரராகவும் போரை வெறுத்தவராகவும் வாழ்ந்த ஒருவரின் உடைமை இருதிறத்தார்க்கும் பயன்பட்டது பொருத்தமே.

முடிவுரை

கல்லூரி வாழ்வை முடித்து வெளியே செல்லும் நம் இளைஞர் பலவகைத் தொழில்களிலே புகுவர். அவர்களுட் சிலர் பதக்கமும் பட்டமும் பெறுவர். பெறாதவரே பலர். பதக்கம் பெற்றவர்க்கு ஒரு கடமை உண்டு. உலகம் அவருடைய சொல்லுக்குச் செவிசாய்க்கும். அந்தச் செவியை இனிய சொற்களால் நிரப்புவதா, கண்ட உண்மையைக் கூறுவதா என்பது ஒவ்வொருவர் முன்னிலையிலும் ஒருநாள் வந்து நிற்கும் கேள்வி. பதக்கம் பெறாதவர்க்கும் ஒரு கடமை உண்டு. உண்மை சொன்னவரைத் தனியே விடாதிருத்தல் அது.

திறொசலின் கொள்கைகள் அனைத்தையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அவர் கண்டதை நாம் காணவில்லை. ஆனால் வறண்ட நிலத்தை உழுத கையே துப்பாக்கி ஏந்தியது, அந்தக் கையே எரியும் குண்டைத் திருப்பி எறிந்தது, அந்தக் கையே இருளிலே தமையனாரின் முகத்தைத் தேடியது என்பதை எண்ணும்போது, அவர் நோதத்திலே சொன்ன சொற்களுக்கு எவ்வளவு விலை கொடுத்திருந்தார் என்பது விளங்குகின்றது. அவ்விலையை அறிந்து அவரை நினைப்பதே நாம் அவருக்கு நாட்டக்கூடிய நடுகல்.